உப்பின் தலையில் போட்ட பழி

குஷன் வேலைக்கும் படுதா வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, சங்கக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்தாலே நான் பின்வரிசைக்குப் போய்விடுவேன். வேலையில் இருந்த காலத்திலும் கடைக்கு வருகிறவர்களிடம் "ரெக்சினா, துணியா?" என்பதற்கு மேல் நான் பேசியது குறைவு. அதனால் எழுதித் தருகிறேன். நல்ல குரல் உள்ள யாராவது வாசித்துவிடுங்கள். தோள்பட்டை ஒத்துழைக்காததால் மெஷினை விட்டு இறங்கிவிட்டேன். பேனா பிடிக்கத் தோள்பட்டை அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

எந்தத் துணிக்கு எந்த ஊசி, தையல் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அதை மெஷினே கற்றுக்கொடுக்கும். ஒருமுறை விரலில் ஏறினால் மறக்கவும் மறக்காது. நான் சொல்ல வந்தது வேறு. கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு "வெட்டு, வெட்டு" என்று கத்தும்போது என்ன செய்வது என்பது பற்றி.

முத்தையாபுரத்தில், துறைமுகம் போகிற சாலையில் இருந்தது நான் வேலை பார்த்த கடை. முன்பக்கம் அண்ணாச்சியின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. பின்பக்கம் தடுப்பு போட்ட அறையில் என் மெஷின். லாரித் தார்ப்பாய், ஜீப் படுதா, கார் சீட் உறை எல்லாம் என் பொறுப்பு. அண்ணாச்சியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் மரியாதையாக எழுந்து நிற்பீர்கள், மீதிப் பேர் சிரிப்பீர்கள்.

அண்ணாச்சி எந்தப் பழுதுக்கும் ஒரே காரணம்தான் சொல்லுவார். உப்பு. ஹாரன் அடிக்கவில்லையா, உப்பு. விளக்கு எரியவில்லையா, உப்பு. எதிர்க்கடைக்காரர் மகன் பரீட்சையில் தோற்றபோதுகூட, அந்தப் பள்ளிக்கூடம் உப்பளத்துக்கு ரொம்பப் பக்கம் என்றார். தூத்துக்குடியில் இதை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. உப்பளக் காற்றும் கடல் காற்றும் சேர்ந்து அடிக்கிற ஊரில் புது ஆணி ஒரு மழைக்காலம் தாங்காது. சிக்கல் அங்கேதான். பாதி நேரம் சரியாக இருக்கிற ஒரு காரணம் கிடைத்துவிட்டால், மீதி நேரத்துக்கு மனிதன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறான்.

ஒருமுறை ஸ்ரீவைகுண்டத்து விவசாயி ஒருவர் காரைக் கொண்டுவந்தார். கதவுக் கண்ணாடி ஏறவில்லை. அண்ணாச்சி பார்த்தவுடன் "உப்பு" என்றார்.

"எங்க ஊர்ல ஏது அண்ணாச்சி உப்பு? வயலும் வாழையுமால்லா கெடக்கு."

"தாமிரபரணி எங்கவே போய்ச் சேருது?"

"கடலுக்கு."

"பொறவு என்ன?"

அந்த மனிதர் கதவைத் திறந்து விட்டார். கதவைக் கழற்றிப் பார்த்தால், அவர் வீட்டுக் குழந்தை போட்ட சீப்பு ஒன்று உள்ளே சிக்கியிருந்தது. அண்ணாச்சி அசரவில்லை. சீப்பை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீப்புலயும் உப்பு ஏறியிருக்கு பாத்தியளா" என்றார்.

இப்படிப்பட்ட பட்டறைக்குத்தான் அந்தச் சிவப்புக் கார் வந்தது.

துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதித் தரகு செய்கிற ஒரு முதலாளியின் கார் அது. வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ கோயம்புத்தூரில் ஓட்டிச் சலித்து விற்றதை இவர் வாங்கியிருந்தார். அதன் கூரை துணியால் ஆனது. ஒரு பொத்தானை அமுக்கினால் கூரை தானாக எழுந்து, மடங்கி, பின்னால் டிக்கிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு முறை அமுக்கினால் திரும்பி வந்து மூடிக்கொள்ளும். பார்க்க அழகுதான். ஆனால் நம் ஊர் வெயிலில், நிலக்கரி லாரிகளுக்கு நடுவே, கூரை இல்லாமல் போக யாருக்கு ஆசை வரும்? திறந்து வைத்துக்கொண்டு துறைமுகத்திலிருந்து பழைய பேருந்து நிலையம் வரை போனால் வெள்ளைச் சட்டை கறுப்பாகிவிடும். முதலாளி கட்சி மாறிவிட்டார் என்று ஊர் பேசும். அதனால் அவரும் கல்யாணம், திருவிழா, தேர்தல் இவற்றுக்கு மட்டும்தான் திறப்பார். மற்ற நாளெல்லாம் ஏசி போட்டு மூடிக்கொண்டுதான் போவார். மூடி வைப்பதற்காகவே ஒரு திறக்கிற கார்.

முந்தின நாள் அவர் மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அன்று சாயங்காலம் வரவேற்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் திறந்த காரில் நின்றபடி, மேளத்தோடு மண்டபத்துக்கு ஊர்வலம் போவதாக ஏற்பாடு. காலையில் காருக்குப் பூ கட்டி முடித்துப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். 'டிங்' என்று ஒரு சத்தம். கூரை அசையவில்லை. நேராக எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் மூன்று பேர். முதலாளி, அவருடைய டிரைவர் இசக்கிமுத்து, மாப்பிள்ளையின் சித்தப்பா. இந்தச் சித்தப்பா சாத்தான்குளத்துக்காரர். அவரை யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. சம்பந்தி வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் கூட இருந்து பார்க்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் வந்திருந்தார். ஒரு பழைய லாரி டயரின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்து, டீயும் வாங்கிக்கொண்டார்.

முதலாளி சொன்னார்: "அண்ணாச்சி, சாயங்காலத்துக்குள்ள இது திறக்கணும். நேத்து மத்தியானம் கழுவுனப்போ திறந்து மூடுச்சு. ராத்திரி பூரா வண்டி இவன் கையில இருந்துச்சு. காலைல பாத்தா அசைய மாட்டேங்கு. என்னத்தையோ செஞ்சு வச்சிருக்கான்."

"முதலாளி, நான் ஒன்னும்..." என்று இசக்கிமுத்து தொடங்கினார்.

"வாய மூடுலே. சாயங்காலம் கூரை திறக்கல, நாளைக்கு விடிஞ்சதும் சட்டி பானையத் தூக்கிட்டு வீட்டக் காலி பண்ணிரு."

இசக்கிமுத்து குடியிருந்தது முதலாளி சரக்கு வைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால் உள்ள வீட்டில். வேலையோடு கொடுத்த வீடு. மனைவியும், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகளும். வேலை போனால் அன்றே கூரையும் போகும். கார்க் கூரை திறக்காவிட்டால் வீட்டுக் கூரை போய்விடும் என்பதுதான் அன்றைய நிலைமை.

சித்தப்பா டீயை ஊதிக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "திறக்காத கூரை போட்ட கார் எங்க ஊர்லயும் நெறய நிக்கி சம்பந்தி. அதக் காட்டவா இம்புட்டுத் தூரம் வரச் சொன்னிய?"

முதலாளியின் முகம் காரின் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சூட்டையும் சேர்த்து இசக்கிமுத்துவின் மேல்தான் இறக்கினார். நம்மிடம் வருகிற கார்கள் பலவற்றில் இப்படித்தான் பிள்ளைகளே. மேலே உள்ளவருக்கு வருகிற சூடு கீழே உள்ளவர் வழியாகத்தான் வெளியேறும். புகைக் குழாயும் கீழேதானே இருக்கிறது.

அண்ணாச்சி காரைச் சுற்றி ஒரு வலம் வந்தார். விரலால் கூரையின் ஓரத்தைத் தொட்டு, அந்த விரலை நாக்கில் வைத்தார். எல்லோரும் மூச்சை அடக்கிப் பார்த்தோம்.

"உப்பு" என்றார்.

அதன் பிறகு வேலை தொடங்கியது. பொத்தானை அமுக்கிப் பார்த்தார்கள். 'டிங்' என்றது. முன்பக்கச் சின்னத் திரையில் ஏதோ எழுத்து ஓடியது. வெளிநாட்டு மொழி, யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. "அது ரேடியோல ஓடுத பாட்டுப் பேரு" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். ரேடியோ அணைந்திருந்தது. கார் தன் வயிற்றுவலியைத் தன் பாஷையில் சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்கள் அதைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டோம்.

பின் சீட்டைக் கழற்றினார்கள். பக்கத்துத் தகடுகளைக் கழற்றினார்கள். ஒயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தெளிப்பானால் அடித்து, துணியால் துடைத்து, மறுபடியும் மாட்டினார்கள். ஒவ்வொரு முறையும் 'டிங்'. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். அதில் ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரி காரின் முன் நின்று, ரொம்ப நேரம் சிரித்துப் பேசிவிட்டு, கடைசியில் டிக்கியைத் திறந்தார்.

"நிறுத்து நிறுத்து" என்றார் முதலாளி. "டிக்கியத் திறக்கப்படாது. உள்ள மக்ரூன் இருக்கு."

நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முட்டை வெள்ளைக் கருவும் முந்திரியும் சீனியும் சேர்த்துச் செய்கிற மக்ரூனுக்குக் கடல் காற்றுதான் எமன். கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் நமத்துப்போய்ப் பல்லில் ஒட்டும். வரவேற்பு முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது கொடுத்தனுப்ப, பெட்டி பெட்டியாக வாங்கி, அன்று காலையில் முதலாளியே தன் கையால் டிக்கியில் அடுக்கியிருந்தார். டிரைவரைத் தொட விடவில்லை. தொட்டால் தின்றுவிடுவானாம். டிக்கிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"முதலாளி, அந்த டிக்கிக்குள்ளதான்..." என்று இசக்கிமுத்து வாயெடுத்தார்.

"பாத்தியளா அண்ணாச்சி? கூரைக்கு வழி தேடச் சொன்னா, இவன் கண்ணு பூரா மக்ரூன்லயே கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் போய் நின்றார். தடுப்புக்குப் பின்னால் ஒரு லாரித் தார்ப்பாய்க்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் கேட்டது. பின்னாலும் ஒருமுறை அவர் "டிக்கி" என்று சொல்லத் தொடங்கியதும், முதலாளி கையை ஓங்கியதும் கேட்டது. நான் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். நான் தலையிடுகிற ஆள் இல்லை.

வெயில் சாய ஆரம்பித்தது. மண்டபத்திலிருந்து முதலாளிக்குப் போன் மேல் போன். மேளக்காரர்கள் வந்துவிட்டார்களாம், மாப்பிள்ளை தலை சீவி முடித்துவிட்டாராம். அண்ணாச்சி வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிமிர்ந்தார். வாழ்நாளில் அவரை உப்பு கைவிட்ட நாள் அதுதான். ஆனால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளவும் அவரால் முடியாது.

"முதலாளி, இது உள்ளுக்குள்ள ஏறுன உப்பு. ஒரு நாள்ல இறங்காது. துணிய வெட்டிருவோம். முன்னால இருந்து பின்னால வர வெட்டி எடுத்துட்டா, திறந்த கார்தான? ஊர்வலம் முடியட்டும், பொறவு நம்ம எஸ்தர் தச்சிருவா."

"வெட்டுங்க" என்றார் முதலாளி. "செலவ இவன்கிட்ட வாங்கிக்கிடுதேன்."

"ஏளா எஸ்தர், கத்தரிக்கோல எடுத்துட்டு வா."

பிள்ளைகளே, அந்தத் துணியை நான் காலையிலேயே தொட்டுப் பார்த்திருந்தேன். அது நம் தார்ப்பாய் மாதிரி அல்ல. மூன்று அடுக்கு, நடுவில் ரப்பர். ஓரங்களில் தையலே தெரியாமல் ஒட்டியிருந்தார்கள். வெட்டினால் என்னால் தைக்க முடியும். தைத்த இடம் தழும்பு மாதிரி நிற்கும். முதல் மழையிலேயே முதலாளியின் மடியில் ஒழுகும். ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் அவருக்கு இசக்கிமுத்துவின் முகம்தான் ஞாபகம் வரும். மின்சாரக்காரர் பழுதைத் தப்பாகச் சொன்னால் மறுபடியும் கழற்றி மாட்டலாம். நம் தொழிலில் வெட்டினால் வெட்டியதுதான். அதனால்தான் கடைசியில் எல்லோரும் நம் கையில் கத்தரியைக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய யோசனை தீர்ந்த இடத்தில் நம் பெயர் ஆரம்பிக்கிறது.

"முடியாது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை ஆண்கள் வட்டமாக நின்றார்கள். கத்தரியோடு போனேன். கூடவே அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டேன்.

"அளவு எடுக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

"வெட்டுததுக்கு என்னத்துக்குளா அளவு?"

"பொறவு தைக்கணும்லா."

அதற்கு யாரிடமும் மறுப்பு இல்லை. நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றேன். மரியாதைப்பட்டவர்கள் யாரும் முன்வரவில்லை. அது டிரைவர் வேலை. இசக்கிமுத்து வந்து பின்பக்க முனையைப் பிடித்தார். நான் குனிந்து அளப்பதுபோல அவர் பக்கம் போய், "டிக்கில என்ன?" என்று கேட்டேன். காலையிலிருந்து அந்த மனிதரிடம் யாராவது கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவர் உதடு அசையாமல் சொன்னார்: "உள்ள ஒரு தெர இருக்குக்கா. அதக் கீழ இழுத்துக் கொக்கில மாட்டிருந்தாத்தான் கூரை மடங்கும். கோயம்புத்தூர்ல வண்டி எடுக்கும்போது அந்த டிரைவர் எனக்குக் காட்டிக் குடுத்தான். முதலாளி அப்போ போன் பேசிட்டு இருந்தாவ. இன்னைக்குக் காலைல பெட்டி கொள்ளலன்னு அவியளே அந்தத் தெரய மேல தூக்கி விட்டுட்டு அடுக்குனாவ. நான் தள்ளி நின்னு பாத்தேன். கிட்டத்துலதான் விடலயே."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. துணி மடங்கினால் அதற்கு உட்கார இடம் வேண்டும். அந்த இடத்தில் மக்ரூன் உட்கார்ந்திருந்தது. திரை கீழே இல்லையென்றால் டிக்கியில் சாமான் இருக்கிறது என்று புரிந்துகொண்டு கூரை அசைய மறுக்கிறது. யோசித்துப் பார்த்தால், அன்று அந்த இடத்தில் புத்தியோடு நடந்துகொண்டது கார் மட்டும்தான். அது பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் சம்பந்தி வீட்டுக்கு மக்ரூன் மாவுதான் போயிருக்கும்.

சரி, பழுது தெரிந்துவிட்டது. போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். யார் முன்னால்? டயரின் மேல் சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார். "முதலாளி, கெடுத்தது நீங்கதான்" என்று அவர் முன்னால் சொன்னால் கூரை திறக்கும், ஊர்வலம் போகும், எல்லாம் நடக்கும். அந்த அவமானத்தைப் பார்த்த சாட்சியை மட்டும் முதலாளி பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார். இந்த மாதிரி ஆட்கள் தப்பு செய்த டிரைவரைக்கூட ஒருநாள் மன்னிப்பார்கள். தங்கள் தப்பைப் பார்த்த டிரைவரை மன்னிப்பதில்லை. இசக்கிமுத்துவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "அக்கா, என் பேரு வராமப் பாத்துக்கிடுங்க" என்றார்.

நான் நிமிர்ந்தேன். வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரிடம் நானாகப் போய்ப் பேசியது அன்றுதான். குரல் எனக்கே கேட்கவில்லை; தொண்டையைச் செருமிவிட்டு மறுபடியும் சொன்னேன்.

"முதலாளி, வண்டி காலைல இருந்து வெயில்ல நிக்கி. டிக்கி அடுப்பு மாதிரி கொதிக்கும். மக்ரூன் உள்ளேயே வேர்த்து நமத்துரும்."

அவர் அப்படியே அதிர்ந்துவிட்டார். மகளின் ஊர்வலம், முப்பது முறை வந்த போன், எல்லாம் ஒரு நிமிடம் மறந்துபோயிற்று.

"அய்யய்யோ. என்னம்மா செய்ய?"

"என் தையல் ரூம்ல வைங்க. காத்துப் படாம தார்ப்பாயப் போட்டு மூடிருதேன்."

சாவியைப் பையிலிருந்து எடுத்துத் தானே டிக்கியைத் திறந்தார். உதவிக்குப் போன பஞ்சர் கடைக்காரரைக்கூடக் கிட்டே விடவில்லை. பெட்டிகளை மார்போடு அணைத்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல, ஒவ்வொன்றாக என் அறைக்குக் கொண்டுபோனார். எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். கடைசிப் பெட்டியோடு அவர் உள்ளே போனதும் நான் டிக்கிக்குள் கையை விட்டேன். மேலே சுருண்டு கிடந்த திரையைக் கீழே இழுத்துக் கொக்கியில் மாட்டினேன். 'கிளிக்' என்றது. இசக்கிமுத்து டிக்கியை மூடினார்.

அண்ணாச்சியிடம் போனேன். "அண்ணாச்சி, வெட்டுததுக்கு முன்னால ஒருக்கா அமுக்கிப் பாருங்க. நீங்க துடைச்சதெல்லாம் இப்பதான் காஞ்சிருக்கும்."

"காயாம எங்க போவும்" என்று முனகிக்கொண்டே அவர் உள்ளே கைவிட்டு அமுக்கினார்.

'டிங்' என்ற சத்தம் வரவில்லை. ஒரு முனகல் கேட்டது. கூரை மெல்ல எழுந்தது. நடுவில் மடிந்தது. பின்னால் சாய்ந்து டிக்கிக்குள் இறங்கியது. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். சாலையில் போன ஒரு நிலக்கரி லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

அண்ணாச்சி இரண்டு கைகளையும் விரித்தார். "காலைலயே சொன்னேனா இல்லியா? உப்பு!"

எனக்கு எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் பொய். நாள் முழுக்க ஒரு தப்பான காரணத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கைதட்டல். ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். என் அறையிலிருந்து ஓடிவந்த முதலாளி திறந்த காரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பழக்கதோஷத்தில் இசக்கிமுத்துவைத் தேடினார்.

"அப்போ இவன் ஒன்னும் பண்ணலயா?"

அண்ணாச்சி சொன்னார்: "உப்புக்கு டிரைவர் என்ன செய்வான் முதலாளி? கடலக் கொண்டுபோயி தள்ளியா வைக்க முடியும்?"

அவ்வளவுதான். வழக்கு முடிந்தது. நான் நாள் முழுக்க மனசுக்குள் கேலி செய்துகொண்டிருந்த அந்த உப்பு, ஒரே வாக்கியத்தில் ஒரு குடும்பத்தை அந்த வீட்டிலேயே இருக்க வைத்துவிட்டது. உப்புக்குச் சம்பந்தி கிடையாது, மானம் கிடையாது, குடியிருக்க வீடும் தேவையில்லை. அதன் தலையில் எவ்வளவு பழியைப் போட்டாலும் தாங்கும்.

நான் பெட்டிகளை மூடுவதற்காக அறைக்குப் போனேன். அங்கே சித்தப்பா நின்றிருந்தார். ஒரு பெட்டியைப் பிரித்து மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"உப்ப நல்லா இழுத்துக் கொக்கில மாட்டுனீயம்மா" என்றார். "நான் டயர்ல உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்."

இவர் மண்டபத்தில் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்று இரவே சாத்தான்குளம் வரை சிரிக்கும். நாளைக் காலை இசக்கிமுத்துவின் சட்டி பானை தெருவில் இருக்கும்.

"அய்யா, அந்த டிரைவருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய" என்றேன்.

அவர் மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். பிறகு வெளியே தெரிந்த இசக்கிமுத்துவைப் பார்த்தார். இன்னொரு மக்ரூனை எடுத்தார். "உப்பு கெட்டதும்மா. என்னவெல்லாம் பண்ணுது பாரு" என்றார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். பிரிந்த பெட்டியைக் கண்டதும் வாசல் பக்கம் திரும்பி, "ஏலே இசக்கி!" என்று கத்தினார்.

சித்தப்பா வாய் நிறைய மக்ரூனோடு கையைத் தூக்கிக் காட்டினார்.

முதலாளி பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கிடுங்க சம்பந்தி, உங்களுக்குத்தான" என்றார். நாள் முழுக்கக் கத்திய மனிதர் அவ்வளவு மெல்லிய குரலில் பேசுவார் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இத்தோடு முடியவில்லை. பெட்டிகளை மறுபடியும் டிக்கியில் ஏற்ற வேண்டும் என்றார். கூரை உள்ளே மடங்கியிருந்ததால் திரைக்குக் கீழே கொஞ்ச இடம்தான் மிச்சம். மீதிப் பெட்டிகள் மேளக்காரர்களின் வேனில் போகட்டும் என்று சித்தப்பாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றைக்குத் தப்பித்தோம். நாளைக்கு? இவர் இன்னொரு நாள் கருவாட்டு மூட்டையை வைக்கத் திரையைத் தூக்குவார். கூரை மறுபடியும் நிற்கும். ஒரே டிரைவரை உப்பு இரண்டு முறை காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால் அவர்கள் கிளம்புவதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்தேன். மிச்சத் தார்ப்பாயில் ஒரு பட்டையான துண்டை வெட்டி, ஓரம் அடித்து, பெல்ட்டில் இருப்பது போன்ற இரண்டு பக்கிள் வைத்துத் தைத்தேன். டிக்கித் திரை கொக்கியிலிருந்து வராதபடி அதன் மேல் போட்டு இறுக்கிவிட்டேன். அன்று பேசிப் பழகிவிட்டதால் குரலும் வந்தது.

"முதலாளி, இது உப்புத் தடுப்பு. இதக் கழத்தி அந்தத் தெரயத் தூக்கினா உள்ள உப்பு ஏறிரும். பொறவு கூரை நின்னுரும்."

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி குனிந்து அந்தத் துண்டை இழுத்துப் பார்த்தார். அவரே கண்டுபிடித்ததுபோல ஆழமாகத் தலையாட்டினார். "இது இல்லாமத்தான் இவ்வளவும்" என்றார்.

உண்மையைச் சொல்லாமல் ஒரு பொய்யைத் தைத்துக் கொடுத்தாயே என்று உங்களில் யாராவது கேட்கலாம். கேளுங்கள். பழுது சரியானது. துணி பிழைத்தது. காரணத்தை மட்டும் அந்த மனிதருக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன். கார் தன் பாஷையில் நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தது, யார் கேட்டார்கள்? நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். யார்மேல் பழி போடுகிறார்களோ, அவரிடம் முதலில் போய்க் கேளுங்கள். அந்த வண்டி கடைசியாக நன்றாக ஓடியதைப் பார்த்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். அதற்கு ஒரு அளவு நாடா போதும்.

ஊர்வலம் நன்றாக நடந்ததாம். துறைமுகச் சாலை வழியாகத்தான் போனார்களாம். மண்டபத்தில் இறங்கும்போது மாப்பிள்ளைக்குக் கண்மை போட்டது போல இருந்ததாகக் கேள்வி. அதன்பின் உப்புத் தடுப்பு வேண்டும் என்று இன்னும் சிலர் வந்தார்கள். அவர்கள் காரில் திறக்கிற கூரையே கிடையாது. அண்ணாச்சி அனுப்பியிருந்தார். தைத்துக் கொடுத்தேன். தார்ப்பாய் உண்மையிலேயே நல்ல தார்ப்பாய்.

நான் மெஷினை விடுவதற்குச் சற்று முன்னால் அந்தச் சிவப்புக் கார் மறுபடியும் வந்தது. கூரைக்கு ஒன்றும் இல்லை. தடுப்பு நைந்துவிட்டதாம், புதிது வேண்டுமாம். இசக்கிமுத்துதான் ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சாவி இப்போது அவரிடம் இருந்தது.

முதலாளி என் பக்கம் குனிந்து, டிரைவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "நல்லா இறுக்கித் தைம்மா. இது இல்லன்னா இந்த வண்டி இல்ல. இவனுக்கெல்லாம் இதோட அருமை தெரியாது."

"ஆமா முதலாளி" என்றார் இசக்கிமுத்து, டிக்கியைப் பிடித்தபடியே. "எனக்கு என்ன தெரியும்."